‘லுக் ஃபார்வர்ட் டு’: கடிதத்தின் கடைசி வரியைப் பிழையின்றி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்து காட்டும் பிள்ளைகளின் தாளில் நான் முதலில் படிப்பது கடைசி வரியைத்தான். மேலே நான்கு பத்திகள் பிசிறில்லாமல் இருக்கும். படிப்பு, அனுபவம், திறமை எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். கையெழுத்துக்குச் சற்று மேலே மட்டும் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று ஒரு வரி நிற்கும். விருந்து முழுக்க நன்றாக அமைந்து, கடைசியில் ஊற்றிய மோரில் உப்புக் கரித்த கதைதான். அங்கே வரவேண்டியது ‘ஹியர்’ அன்று, ‘ஹியரிங்’.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானும் சில ஆண்டுகள் இதே பிழையோடு கடிதம் எழுதியவன்தான். தட்டச்சு வகுப்பில் அடித்துப் பழகக் கொடுத்த மாதிரிக் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. விரல்கள் மனப்பாடம் செய்ததை மாற்றுவதற்கு வெகு காலம் ஆயிற்று. ‘அங்கே இங் போட வேண்டும்’ என்று பலர் திருத்தினார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் கற்ற விதி அடுத்த வாக்கியத்திலேயே காலை வாரிவிடும். அந்தக் காரணமோ தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது.

முதலில், பொருள்

ஒன்று நடக்கப்போகிறது, அது நடப்பது எனக்கு மகிழ்ச்சி. இந்த இரண்டு எண்ணங்களும் சேர்ந்ததுதான் ‘லுக் ஃபார்வர்ட் டு’. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தத் தொடரைத் தொடக்கூடாது.

தமிழில் ‘எதிர்பார்க்கிறேன்’ என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. மழையை எதிர்பார்க்கிறோம், பதிலை எதிர்பார்க்கிறோம், ‘உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை’ என்று கடிந்தும் கொள்கிறோம். ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்கள். ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை பை ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தாக வேண்டும் என்று மேலதிகாரி மேசையைத் தட்டுகிற தொனி வந்துவிடும். வேலை கேட்பவர் வேலை கொடுப்பவரிடம் பேசும் முறை அதுவல்ல. ‘ஹோப்’ என்றால், நடக்குமா என்று தெரியாது, நடந்தால் நல்லது என்ற நம்பிக்கை. ‘லுக் ஃபார்வர்ட் டு’ இவை இரண்டுக்கும் அப்பால், நடக்கும் என்று இருதரப்பும் ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றியது.

ஆகவே, நேர்காணலுக்கே அழைப்பு வராத நிலையில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஜாயினிங் யுவர் கம்பெனி’ என்று எழுதுவது இலக்கணப்படி சரி, இங்கிதப்படி தவறு. பெண் பார்க்கும் முன்பே பத்திரிகை அடித்தது போல. அந்த இடத்தில் ‘ஐ ஹோப் டு ஜாயின்’ என்று எழுதுங்கள்.

மகிழ்ச்சிக்கு இடமில்லாத நிகழ்ச்சிகளுக்கும் இது ஆகாது. இரங்கல் கூட்டத்துக்கு வருவதாகத் தெரிவிக்கும் கடிதத்தில் ‘லுக் ஃபார்வர்ட் டு அட்டெண்டிங்’ என்று எழுதினால், வாசிப்பவர் இன்னொரு முறை உங்கள் பெயரைப் பார்ப்பார். ‘ஐ வில் அட்டெண்ட்’ என்பதே போதும். நடக்கப்போவதை நினைத்து அஞ்சுவதற்கு ‘ட்ரெட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘ஐ ட்ரெட் கோயிங் டு தி டென்டிஸ்ட்’ என்பார்கள்.

அடுத்து, அந்த ‘டு’ எந்த ‘டு’?

இந்த வழிகாட்டியில் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். ஆங்கிலத்தில் ‘டு’ என்று எழுதப்படும் சொற்கள் இரண்டு உண்டு. பார்க்க ஒன்று போல இருக்கும் இரட்டையர்கள். குணம் வேறு.

‘ஐ வான்ட் டு ஹியர்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘கேட்க விரும்புகிறேன்’. இங்கே ‘டு ஹியர்’ இரண்டும் சேர்ந்து நம்முடைய ‘கேட்க’ என்ற ஒரு சொல்லுக்கு ஈடாகின்றன. பள்ளியில் படித்த ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் இது. இந்த ‘டு’வுக்குப் பின் வினையின் அடிச்சொல் அப்படியே வரும்.

‘ஐ வென்ட் டு மதுரை’ என்ற வாக்கியத்தில் வருவது மற்றது. ‘மதுரைக்குப் போனேன்’. இந்த ‘டு’ நம் நான்காம் வேற்றுமை உருபான ‘கு’வின் வேலையைச் செய்கிறது. நாம் உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் தனியாக நிறுத்துகிறார்கள், அவ்வளவே வேறுபாடு. வேற்றுமை உருபு பெயரைத்தான் ஏற்கும் என்பது நமக்குத் தெரிந்த விதி. ‘போக’ என்ற வினையெச்சத்தோடு ‘கு’வை ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. ‘போவது’ என்று தொழிற்பெயர் ஆக்கினால் ‘போவதற்கு’ என்று இயல்பாக ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் அந்தத் தொழிற்பெயரை ஆக்கித் தரும் விகுதிதான் ‘இங்’. ‘ஹியர்’ என்பது வினை, ‘ஹியரிங்’ என்பது பெயர். ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இரண்டாவது ‘டு’. ஆகையால் அதன் பின்னால் பெயர் வேண்டும், வினையைப் போட வேண்டியிருந்தால் பெயராக்கிப் போட வேண்டும். விதி இவ்வளவுதான்.

இதைவிட எளிய வழியும் உண்டு. ‘லுக் ஃபார்வர்ட்’ என்பதற்கு நேர்த் தமிழ் ‘எதிர்நோக்கு’. முன்னே பார்த்தல் என்ற அதே உருவகம் இரு மொழிகளிலும் இருக்கிறது. ‘உங்களிடமிருந்து கேட்க எதிர்நோக்குகிறேன்’ என்று எந்தத் தமிழராவது சொல்வாரா? காது உடனே மறுக்கும். ‘பதில் வருவதை எதிர்நோக்குகிறேன்’ என்போம். ‘வருவதை’ என்பது தொழிற்பெயரும் ‘ஐ’ உருபும் சேர்ந்தது. உருபு ‘கு’ அன்று ‘ஐ’ என்றாலும், பெயர் கேட்கும் குணம் அதேதான். ஆங்கிலத்தில் கை தடுமாறினால் மனத்துக்குள் ‘எதிர்நோக்குகிறேன்’ போட்டுப் பாருங்கள்.

பிறகு ஏன் தடுமாறுகிறோம்? நாம் மனத்துக்குள் போடுவது ‘எதிர்நோக்கு’ அன்று, ‘ஆவலாக இருக்கிறேன்’ என்பதை. ‘கேட்க ஆவலாக இருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். அதன் ஆங்கிலம் ‘ஐ ஆம் ஈகர் டு ஹியர்’, அங்கே ‘ஹியர்’ சரி. ஒரு தொடரின் பின்பாதியை இன்னொன்றின் முன்பாதியோடு தைத்துவிடுகிறோம்.

தமிழ்ச் சோதனை கைகொடுக்காத இடங்களும் உண்டு. அப்போது ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு சோதனை: ‘டு’வுக்குப் பின் ‘இட்’ என்ற சொல்லை மட்டும் வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. ஆகவே வினை வந்தால் ‘இங்’ பெறும். ‘ஐ வான்ட் டு இட்’ விழுந்துவிடுகிறது. ஆகவே அங்கே வெறும் வினை.

குழப்பத்துக்கு ஆங்கிலத்தின் பழைய வரலாறும் ஒரு காரணம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ட்ரின்கன்’ என்றால் குடிக்க. ‘டு’ சேரும்போது அது ‘டு ட்ரின்கென்னே’ என்று நான்காம் வேற்றுமை ஈறு பெறும், ஏறத்தாழ நம் ‘குடிப்பதற்கு’ போல. வினையெச்சத்தின் ‘டு’வும் ஒரு காலத்தில் உருபாகத்தான் இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன, ‘டு’ மட்டும் வெறும் வினையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இரட்டையர் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

‘டு’வுக்குப் பின் எதையெல்லாம் வைக்கலாம்

பெயர் வைக்கலாம்: ‘டு யுவர் ரிப்ளை’, ‘டு தி மீட்டிங்’. ஐயம் இருந்தால் இந்த வழியில் போய்விடுங்கள், பிழைக்கே இடமில்லை. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்பது குறையே இல்லாத வாக்கியம்.

‘இங்’ பெற்ற வினை வைக்கலாம்: ‘டு மீட்டிங் யூ’, ‘டு ஒர்க்கிங் வித் யூ’. எழுத்துக்கூட்டலில் மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும். ‘கம்’ என்பதன் கடைசி ‘ஈ’ எழுத்து ‘கமிங்’கில் மறையும். ‘கெட்’, ‘பிகின்’ போன்றவற்றில் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். ‘சீ’ என்பதில் இரண்டு ‘ஈ’களும் அப்படியே நிற்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ‘டிஸ்கஸிங்’ எழுதினால் அதன் பின் ‘அபவுட்’ வேண்டாம். ‘பற்றிப் பேசுதல்’ என்ற தமிழ் நம்மை அங்கே இழுக்கும், போகாதீர்கள்.

செயப்பாட்டுவினைக்கு ‘பீயிங்’: ‘ஷி லுக்ஸ் ஃபார்வர்ட் டு பீயிங் இன்வைட்டட்’. எதிர்மறைக்கு ‘நாட்’ முன்னால் வரும்: ‘டு நாட் ஹேவிங் டு டிராவல்’, பயணம் செய்யத் தேவையில்லாதிருப்பதை.

செயலைச் செய்பவர் வேறொருவராக இருந்தால்? நீங்கள் எங்களோடு சேர்வதை நாங்கள் எதிர்நோக்குகிறோம் என்பதற்கு ‘டு யுவர் ஜாயினிங் அஸ்’ என்பதா, ‘டு யூ ஜாயினிங் அஸ்’ என்பதா? ஆங்கிலேயர்களே இதில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஹென்றி ஃபௌலரும் அவருடைய தம்பி ஃபிரான்சிஸும் 1906இல் வெளியிட்ட நூலில் ‘யூ ஜாயினிங்’ வகையைக் கடுமையாகச் சாடினார்கள். டென்மார்க்கின் இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், நல்ல எழுத்தாளர்களும் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டி மறுத்தார். இன்று இரண்டும் செல்லும். அலுவலகக் கடிதமானால் ‘யுவர்’, நண்பருக்கானால் ‘யூ’ என்பது என் வழக்கம்.

வைக்கக்கூடாதது ‘தட்’ என்று தொடங்கும் முழு வாக்கியம். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு தட் யூ வில் கம்’ என்பது எந்த ஊரிலும் ஆங்கிலம் அன்று.

விதியைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எல்லா இடத்திலும் ‘இங்’ ஒட்டத் தொடங்குபவர்களுக்காக ஒரு விலக்கு. ‘ஹி லுக்ட் ஃபார்வர்ட் டு சீ ஹூ வாஸ் டிரைவிங்’. பின் இருக்கையில் இருந்தவர், வண்டியை ஓட்டுவது யார் என்று காண முன்னால் பார்த்தார். இங்கே உண்மையாகவே கண்ணால் முன்னோக்கிப் பார்க்கிறார், ‘காண’ என்ற வினையெச்சம் வருகிறது. ‘சீ’ என்பதே சரி.

‘லுக்’ எந்த வடிவில் வரவேண்டும்

‘ஐ லுக் ஃபார்வர்ட்’ என்பது விறைப்பானது, அலுவலகத்துக்கு ஏற்றது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ என்பது நெருக்கமானது, பழகியவர்களுக்கு ஏற்றது. முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு முதலாவதை எழுதுங்கள். இரண்டையும் கலந்து ‘ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்’ என்றோ, ‘ஐ லுக்கிங் ஃபார்வர்ட்’ என்றோ எழுதுவதுதான் பிழை.

‘ஐ வாஸ் லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ட்ரிப்’ என்று இறந்தகாலத்தில் எழுதினால், பெரும்பாலும் பயணம் நடக்கவில்லை என்ற ஏமாற்றம் அதற்குள் ஒலிக்கும். நடந்து முடிந்து மகிழ்ச்சியாக இருந்ததென்றால் அடுத்த வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அழுத்தம் கூட்ட ‘வெரி மச்’ சேர்ப்பதானால் ‘லுக்’குக்கு முன்னால் போடுங்கள்: ‘ஐ வெரி மச் லுக் ஃபார்வர்ட் டு…’. ‘ஃபார்வர்ட்’டுக்கும் ‘டு’வுக்கும் நடுவில் எதையும் செருகாமல் இருப்பது அழகு.

கைப்பேசிச் செய்திகளில் ‘லுக்கிங் ஃபார்வர்ட்!’ என்று ‘டு’வையே வெட்டிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. செய்தியில் பொறுத்துக்கொள்ளலாம். கடிதத்தில் அது பாதியில் நின்ற வாக்கியம். கேள்வியின் கடைசியில் வந்தாலும் ‘டு’ இருந்தாக வேண்டும்: ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு?’

எழுத்துக்கூட்டலில் ஒரு குழி. ‘ஃபார்வர்ட்’ என்பதன் கடைசி நான்கு எழுத்துகள் டபிள்யூ, ஏ, ஆர், டி. நடுவில் ‘ஈ’யும் கிடையாது. ‘ஃபோர்’ என்று ‘ஈ’ சேர்த்து, ‘வேர்ட்’ என்று முடித்தால் அது நூலின் அணிந்துரை. இந்தப் பிழை எதிர்த்திசையிலும் நடக்கும். அணிந்துரைப் பக்கத்தின் தலைப்பில் ‘முன்னோக்கி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட புத்தகம் ஒன்று என் அலமாரியிலேயே இருக்கிறது.

‘ஃபார்’ வேண்டாம்

நம் ஊர்க் கடிதங்களில் ‘ஹியர்’ பிழைக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’. பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்ற நினைப்பில் ‘வெயிட்டிங் ஃபார்’ வந்து கலந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ‘லுக்கிங் ஃபார்’ என்றால் தேடுதல். ‘டுவர்ட்ஸ்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், அதுவும் தவறு. இந்தத் தொடருக்கு ‘டு’ மட்டுமே துணை.

‘அவெய்ட்’ என்ற சொல்லுக்கோ எந்தத் துணையும் வேண்டாம். ‘ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை’ என்பதே முழுமை. ‘அவெய்ட்டிங் ஃபார்’ என்று எழுதாதீர்கள்.

கடிதத்தில் எங்கே, எப்படி

கடைசிப் பத்தியில், தனி வாக்கியமாக, முற்றுப்புள்ளியோடு. அதற்குக் கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ அல்லது ‘யுவர்ஸ் சின்சியர்லி’. பிரிட்டிஷ் மரபில், ‘டியர் சார்’ என்று தொடங்கினால் முன்னது, பெயர் சொல்லித் தொடங்கினால் பின்னது.

நம்மில் பலர் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுவாய் இல்லாமல் எழுதி, காற்புள்ளி வைத்து, அடுத்த வரியில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ போடுகிறோம். இது பழைய காலத்துக் கடிதத்தின் எச்சம். அப்போது ‘உங்கள் பதிலை எதிர்நோக்கி, நான் இருக்கிறேன், உங்கள் உண்மையுள்ள’ என்று ‘ஐ ரிமெய்ன்’ நடுவில் நின்று வாக்கியத்தை முடித்துவைத்தது. அந்த ‘ஐ ரிமெய்ன்’ வழக்கொழிந்தபின், எழுவாயை இழந்த எச்சம் மட்டும் காற்புள்ளியோடு அந்தரத்தில் தொங்குகிறது. ‘ஐ’ சேர்த்து, முற்றுப்புள்ளி வைத்து, தரையில் இறக்கிவிடுங்கள்.

‘யுவர் பாசிட்டிவ் ரிப்ளை’, ‘யுவர் ஃபேவரபிள் ரிப்ளை’ என்று சாதகமான பதிலையே கேட்டு எழுதுவதை நான் அடித்துவிடுவேன். பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதப்போகிறவர் முடிவு செய்யட்டும்.

இதே குடும்பத்துப் பிள்ளைகள்

இதே ‘டு’வைக் கொண்ட தொடர்கள் இன்னும் பல. ‘அப்ஜெக்ட் டு’, ‘கமிட்டட் டு’, ‘இன் அடிஷன் டு’, ‘வென் இட் கம்ஸ் டு’ எல்லாவற்றுக்கும் பின் ‘இங்’. அறிவிப்புகளில் அடிக்கடி தென்படும் ‘வித் எ வியூ டு இம்ப்ரூவ்’ என்பதும் ‘இம்ப்ரூவிங்’ என்று இருக்க வேண்டியது. ‘இட்’ சோதனையை வைத்து ஒவ்வொன்றையும் நீங்களே சரிபார்க்கலாம்.

இவற்றில் மிகவும் வஞ்சகமானது ‘யூஸ்ட் டு’. ‘ஐ யூஸ்ட் டு டிரைவ்’ என்றால் முன்பு ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்’ என்றால் ஓட்டுவது பழகிப்போயிற்று. ஒரு ‘ஆம்’ நுழைந்ததும் ‘டு’வின் சாதியே மாறிவிடுகிறது. தமிழில் ‘ஓட்டப் பழகிவிட்டேன்’ என்று வினையெச்சமே வரும் என்பதால் தமிழ்ச் சோதனை இங்கே ஏமாற்றும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ என்று வைத்துப் பாருங்கள், ஐயம் தீரும்.

கையோடு சில திருத்தங்கள்

படிப்பதை நிறுத்திவிட்டுத் தாளை எடுங்கள். கீழே உள்ளவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி, திருத்திய பின் மேலே படியுங்கள்.

‘வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் விசிட்.’
‘ஐ ஆம் லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ ஆன் மன்டே.’
‘ஐ ஹோப் டு ஹியரிங் ஃப்ரம் யூ சூன்.’
‘ஷி இஸ் யூஸ்ட் டு ஒர்க் அட் நைட்.’

முதலாவதில் ‘ஃபார்’ போய் ‘டு’ வர வேண்டும், ‘விசிட்’ இங்கே பெயர்ச்சொல் என்பதால் தொட வேண்டாம். இரண்டாவதில் பிழை இரண்டு: ‘ஆம்’ஐ நீக்குங்கள் அல்லது ‘லுக்கிங்’ ஆக்குங்கள், ‘மீட்’ எப்படியும் ‘மீட்டிங்’ ஆக வேண்டும். மூன்றாவது, விதியை அளவுக்கு மீறிப் பின்பற்றியவரின் பிழை. ‘ஹோப் டு’வில் இருப்பது வினையெச்ச ‘டு’, ஆகவே ‘ஹியர்’. நான்காவதில் அவர் இரவு வேலைக்குப் பழகியவர் என்றால் ‘ஒர்க்கிங்’. முன்பு செய்தார், இப்போது இல்லை என்றால் ‘இஸ்’ஐ எடுத்துவிடுங்கள்.

எதிர்த்தரப்பிலிருந்து உங்களுக்கே ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்று வந்தால் என்ன பதில் எழுதுவது என்று ஒரு தம்பி கேட்டார். ‘சோ டூ ஐ’ என்றேன், ‘நானும்தான்’ என்பது போல. அவர்கள் ‘ஐ ஆம் லுக்கிங்’ என்று எழுதியிருந்தால் ‘சோ ஆம் ஐ’. வந்தது எந்த வடிவமோ அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.